ஜவ்வாது ஓடையில் நாய்களும் நாங்களும்

நாய்களோடு மலையில் நடக்க வருகிறவர்களுக்கு வழிகாட்டுவது என் தொழில் என்பதால், என் போனில் மனிதர்கள் பெயரே கிடையாது. 'புரூனோ அப்பா சென்னை', 'சீசர் அப்பா பெங்களூர்', 'லட்டு அம்மா வேலூர்' என்றுதான் பதிந்திருக்கிறது.

நாய் வளர்க்கிறவர்களுக்கு இது விசித்திரமாகத் தோன்றாது. உங்கள் தெருவிலும் உங்களை அப்படித்தானே கூப்பிடுகிறார்கள்? சோபாவின் ஒரு காலைத் தின்னக் கொடுத்துவிட்டு அந்த மூலைக்குச் செங்கல் வைத்துச் சமாளிக்கிறவர்கள் நாம். வெளியூர்க் கல்யாணத்துக்கு வீட்டில் ஒருவரை மட்டும் அனுப்பிவிட்டு, இன்னொருவர் நாய்க்குக் காவல் இருக்கிற கூட்டம் நாம். அதனால் உங்களிடம் ஒளிக்காமல் சொல்லலாம்.

என் பெயர் ரீட்டா. ஊர் ஆலங்காயம். பதினான்கு வருடம் வாணியம்பாடிப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் மேல்தோல் தைத்தேன். ஆட்குறைப்பில் வெளியே வந்தபோது, ஜமுனாமரத்தூரில் சுற்றுலாக்காரர்களுக்கு அறை வாடகைக்கு விடும் என் பள்ளித்தோழி கூப்பிட்டாள். "நாயோட ஒரு குடும்பம் வந்து உக்காந்திருக்குது. எங்கயாவது நடக்கணும்ங்கறாங்க. கூட்டிட்டுப் போயேன்" என்றாள். போனேன். அன்றைக்கு ஆரம்பித்த நடை இன்னும் முடியவில்லை.

கூட வருபவர் மாணிக்கண்ணன். மலைக்காரர். சாமையும் புளியும் விளைகிற நிலம் அவருக்கு உண்டு. எங்கள் பாதையில் பாதி அந்த நிலத்தின் வரப்புதான். வரப்பு முடிந்ததும் பாறைச் சரிவு, அதன் அடியில் ஓடை, ஓடையில் ஒரு மடு, அதற்கு மேலே சின்ன அருவி. ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு, ஒரு சத்தியமும் செய்து கொடுத்துத்தான் இந்த வழியைப் பிடித்தோம்: எந்த வெளியூர் நாயும் கயிறு இல்லாமல் நடக்காது, காப்புக்காட்டு எல்லைக்கல்லை ஒரு நாயும் தாண்டாது. சத்தியம் எப்படிக் காப்பாற்றப்பட்டது என்பது கீழே வருகிறது.

மண்ணில் கால் வைக்காத புரூனோ

புரூனோ, சென்னையில் பதினோராவது மாடியில் வளர்ந்த லேப்ரடார். முப்பத்திரண்டு கிலோ. கார்க் கதவைத் திறந்ததும் ஒரு முன்னங்காலை வெளியே நீட்டி மண்ணைத் தொட்டது. தோசைக்கல்லைத் தொட்டதுபோலச் சட்டென்று உள்ளே இழுத்துக்கொண்டது. டைல்ஸும் சிமெண்டும் தவிர வேறு தரையை அது பார்த்ததே இல்லையாம். அதற்காகவே நான்கு ஷூ வாங்கி வந்திருந்தார்கள். பதினான்கு வருடம் ஷூ தைத்த எனக்கே அதை எந்தப் பக்கமாக மாட்டுவது என்று தெரியவில்லை. ஒருவழியாக மாட்டி முடித்ததும், புரூனோ நான்கு கால்களையும் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்துவிட்டு, இது நடக்கிற காரியமில்லை என்று படுத்துவிட்டது.

புரூனோ அப்பா கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை செய்கிறவர். ஒல்லியான மனிதர். ஆனால் விடாப்பிடி. இவ்வளவு தூரம் கார் ஓட்டி வந்து அருவியைப் பார்க்காமல் போவதா என்று, அத்தனை பெரிய நாயைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். சாமைக் காட்டு வரப்பில், தலையில் புல்லுக்கட்டோடு எதிரே வந்த ஓர் அம்மா அப்படியே நின்றுவிட்டார்.

"இன்னா சார், நாய்க்குக் காலு ஒடிஞ்சிடுச்சா?"

"இல்லம்மா, அதுக்கு மண்ணு பழக்கமில்ல" என்றார் புரூனோ அப்பா, மூச்சு வாங்க.

அந்த அம்மா புல்லுக்கட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, நாயையும் ஆளையும் மேலும் கீழுமாகப் பார்த்தார். பிறகு வரப்பிலிருந்து இறங்கி வழிவிட்டபடியே சொன்னார்: "மண்ணு எப்ப வேணா பழகிக்கும் சார். உங்க தோளு பழகிடுச்சின்னா, அப்புறம் அது எறங்கவே எறங்காது."

கேட்காமல் விட்ட கேள்வி

வருகிறவர்களிடம் போனிலேயே நாலு கேள்வி கேட்டுவிடுவேன். பெயர் என்ன, வயது என்ன, வெறிநாய்த் தடுப்பூசி போட்டாயிற்றா, மற்ற நாய்களைக் கண்டால் பாயுமா. கல்லூரிப் பேராசிரியை ஒருவர் எல்லாவற்றுக்கும் கணக்காகப் பதில் சொன்னார். டைகர். நாலு வயது. போட்டாயிற்று. கடைசிக் கேள்விக்கு மட்டும் கொஞ்சம் யோசித்து, "இவன் பாய மாட்டான். சாதாரணமா இவனைப் பாத்து அதுங்கதான் ஓடும்" என்றார். நான் பயந்துபோய் மாணிக்கண்ணனிடம் தடிமனான கயிறு ஒன்று கூடுதலாக எடுத்துவரச் சொன்னேன். அன்றைக்கு வரவிருந்த மற்ற மூன்று நாய்க்காரர்களுக்கும் ஜாக்கிரதை சொல்லி வைத்தேன்.

பேராசிரியை வந்தார். முதுகில் ஒரு பை. பையில் வட்டமாக ஒரு பிளாஸ்டிக் ஜன்னல். ஜன்னல் வழியே என்னைப் பார்த்தது, வரிவரியாக ஒரு செம்பூனை. இறக்கிவிட்டதும் இடுப்புப்பட்டையோடு பாதையின் நடுவில் நிதானமாக நடந்தது. பின்னால் மூன்று நாய்களும் சத்தம் போடாமல், பள்ளிக்கூடப் பிள்ளைகள்போல வரிசையாக வந்தன. அதில் ஒன்று பாக்ஸர். அது என் காலுக்குப் பின்னாலேயே ஒளிந்து முழுத் தூரமும் நடந்தது. "மேடம், இது நாய்களுக்கான நடையாச்சே" என்று மெதுவாக ஆரம்பித்தேன். அவர் கண்ணாடியைச் சரி செய்துகொண்டு சொன்னார்: "போன்ல எல்லாம் கேட்டீங்க. நாயான்னு மட்டும் நீங்க கேக்கல."

மெடல் வாங்கிய ராக்கி

ஆரணியில் இரும்புக்கடை வைத்திருப்பவர் ஒரு ஜெர்மன் ஷெப்பர்டோடு வந்தார். நாய்க் கண்காட்சிகளில் ராக்கி வாங்கிய மூன்று மெடல்களும் அதன் கழுத்திலேயே தொங்கின. வரப்பு முழுக்க ராக்கியின் வீரப்பிரதாபம்தான். கடையில் புகுந்தவனைச் சுவரோடு ஒட்டி நிறுத்தியது, அவர் சொன்னால் உட்காரும், இன்னொரு முறை சொன்னால் சீறும், எல்லாம் கேட்டுக்கொண்டே ஓடைக்கு வந்தோம். ஓடையோரப் பாறையில் ஒரு நண்டு வெயில் காய்ந்துகொண்டிருந்தது. உள்ளங்கை அளவுகூட இருக்காது. ராக்கி குனிந்து மோந்தது. நண்டு ஒரு கொடுக்கை மட்டும் உயர்த்தியது. அடுத்த நொடி, மூன்று மெடல்களும் கிணிகிணியென்று ஒலிக்க, ராக்கி மாணிக்கண்ணனின் வேட்டிக்குப் பின்னால் நின்றது. நாங்கள் இரண்டு பேரும் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஓடையைப் பார்த்தோம். இரும்புக்கடைக்காரர் முகம் மாறவே இல்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்: "பயம்னு நெனைக்காதீங்க மேடம். எதிரியோட பலத்தை அளவெடுத்துக்கிட்டு இருக்கான்."

லட்டு போன வழி

இதைச் சிரித்துக்கொண்டே சொல்ல எனக்கு ஒரு வருடம் ஆயிற்று.

வசந்தா மேடம் வேலூரில் தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தனியாக இருக்கிறார். லட்டு அவர் மகன் வாங்கிய பீகிள். மகன் கனடா போகும்போது, "ரெண்டு மாசம் பாத்துக்கம்மா" என்று விட்டுவிட்டுப் போனது. அந்த ரெண்டு மாதம் மூன்று வருடமாகிவிட்டது. "எனக்கு மொதல்ல நாய்னாலே ஆகாது ரீட்டா. இது மூஞ்சைக் கூட நான் பாக்க மாட்டேன்" என்று சொல்லிக்கொண்டே, நூறடிக்கு ஒருமுறை குனிந்து அதன் வாயைத் துடைத்துவிட்டபடி வந்தார்.

மடுவில் தண்ணீர் குடிக்கும்போது, "கழுத்து இறுகுது, பாவம்" என்று கயிற்றைக் கழற்றினார். நான் பார்க்கவில்லை. பார்க்க வேண்டியது என் வேலை. ஆனால் நான் இன்னொருவரின் பையைப் பாறையிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தேன். முந்தின இரவு காட்டுப்பன்றி கிளறிப்போட்ட மண் அங்கே கிடந்தது. பீகிளைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நாலு கால் முளைத்த மூக்கு அது. ஒரே ஒரு குரல் கொடுத்தது. சரிவில் ஏறிப் புதருக்குள் போனது. வாலின் வெள்ளை நுனி ஒருமுறை தெரிந்தது. அவ்வளவுதான்.

அந்தச் சரிவின் உச்சியில்தான் எல்லைக்கல். அதற்கு அப்பால் கரடி உண்டு. ஊராருக்குச் செய்த சத்தியம் ஒரு பக்கம், நாய் ஒரு பக்கம். நான் கத்திக்கொண்டே ஓடப் பார்த்தேன். மாணிக்கண்ணன் கையை நீட்டித் தடுத்தார். "ஓடாத. எல்லாரும் ஓடினா அது வெளையாட்டுன்னு நெனைச்சி இன்னும் தூரம் போயிடும். அம்மா, உங்க சால்வையைக் கொடுங்க." சால்வையை, கயிறு கழற்றிய அதே பாறையில் விரித்தார். வசந்தா மேடத்தை அதன் பக்கத்தில் உட்காரவைத்தார். "இங்கியே இருந்து பேசிட்டே இருங்க. கத்தாதீங்க."

"இன்னா பேசறது?"

"வூட்ல இன்னா பேசுவீங்களோ, அத்தப் பேசுங்க."

அவர் பேச ஆரம்பித்தார். "லட்டு, தயிர்சாதம் வெச்சிருக்கேன், வா. டிவி போட்டாச்சு, வா. பால்காரர் வந்துட்டாரு, போய் கொரைச்சிட்டு வா." மாணிக்கண்ணன் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாகச் சரிவைச் சுற்றினோம். திரும்பத் திரும்ப மடுவுக்கு வந்து பார்த்தோம். அவர் குரல் கம்மிக்கொண்டே போனது. மூன்றாவது முறை வந்தபோது பேச்சை நிறுத்தியிருந்தார். "மகன் கேட்பாரேன்னு கவலைப்படாதீங்க மேடம், நான் பேசறேன்" என்றேன். தலையை ஆட்டினார். "அவன் கேக்கறதுக்காக இல்ல. காலையில எழுந்து கதவைத் திறக்கறதுக்கு எனக்கு ஒரு ஆளு வேணும்."

மதியம் இரண்டு மணி இருக்கும். எதிர்ச் சரிவிலிருந்து ஒரு பெண்குரல் பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்டது. "யாரு வூட்டு நாயிது? காது தொங்குற நாயி!" லட்டு எல்லைக்கல் பக்கமே போகவில்லை. பன்றி வாசத்தைப் பாதியில் விட்டுவிட்டு, வேறொரு வாசத்தைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கி ஓடையைக் கடந்திருக்கிறது. போய்ப் பார்த்தால், ஒரு வீட்டு வாசலில் சாக்கு விரித்துப் பலாப்பழம் அறுத்துக்கொண்டிருக்கிறார்கள். சாக்கின் நடுவில் லட்டு. காதில் பலாப்பால், பாலில் சருகு, வால் சாக்கோடு ஒட்டியிருக்கிறது. வீட்டுக்காரம்மா கையில் எண்ணெய் ஊற்றிக்கொண்டு அதன் காதைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பின்னாலேயே ஏறி வந்துவிட்ட வசந்தா மேடம் தரையில் உட்கார்ந்து அதைக் கட்டிக்கொண்டார். புடவையும் நாயும் சாக்கும் ஒன்றாக ஒட்டிக்கொண்டன. பிரிக்கக் கால் படி எண்ணெய் ஆயிற்று. அந்த வீட்டுக்காரம்மா ஒவ்வொரு காதாக விடுவித்தபடியே சொன்னார்: "திட்டாதீங்கம்மா. பன்னெண்டு சொளை தின்னுச்சி, ஆனா கொட்டைய எல்லாம் ஒரே எடத்துல துப்புச்சி. எங்க வூட்டு ஆம்பளைங்களுக்கு இது இன்னும் வரல."

ஃபாதரின் திங்கட்கிழமை

என் தொழிலில் ஞாயிற்றுக்கிழமைதான் கூட்டம். அதனால் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு என்னால் போக முடிவதில்லை. எங்கள் சர்ச்சின் பங்குச் சாமியார் இதைக் கவனித்துக்கொண்டே இருந்திருக்கிறார். ஒருநாள் கடைத்தெருவில் நிறுத்தி, "ரீட்டா, நாய்களுக்கு நேரம் இருக்குது, ஆண்டவருக்கு இல்லையா?" என்றார். தலையைக் குனிந்துகொண்டு, சனிக்கிழமை சாயங்காலப் பூசைக்குக் கட்டாயம் வருவதாகச் சொன்னேன். சரி என்றவர், ரெண்டடி போய்த் திரும்பி வந்தார். "திங்கட்கிழமை உனக்கு வேலை இருக்குதா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். பங்கு வீட்டில் ஓர் அல்சேஷன் இருக்கிறது. பெயர் டோனி. தோட்டத்தைத் தோண்டுவதும், பாடல்குழு பாடும்போது கூடவே ஊளையிடுவதும்தான் அதன் ஊழியம்.

திங்கட்கிழமை வந்தார்கள். டோனி மடுவைப் பார்த்ததும் யோசிக்கவே இல்லை. கயிறு ஃபாதரின் கையில் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தது. முதலில் டோனி, அடுத்து ஃபாதர், கடைசியாக அவர் தொப்பி. இடுப்பளவுத் தண்ணீர்தான், ஆபத்தில்லை. தூக்கிவிடலாம் என்று மாணிக்கண்ணன் கையை நீட்டினார். ஃபாதர் அந்தக் கையைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார், இன்னும் பத்து நிமிடம் கழித்து நீட்டும்படி சொல்லிவிட்டு நீச்சலடிக்க ஆரம்பித்தார். அரைமணி நேரம் ஆயிற்று அந்தப் பத்து நிமிடம். அருவிக்கு அடியில் தலையைக் கொடுத்துக்கொண்டு, டோனியின் சுதியில் ஒரு பாட்டுகூடப் பாடினார். கரையேறி ஈரம் சொட்டச் சொட்ட என்னிடம் வந்து சொன்னார்: "ரீட்டா, பங்குல இத யார்கிட்டயும் சொல்லிட்டிருக்காத. பாவசங்கீர்த்தனத்துல நானே சொல்லிக்கிறேன்."

(ஃபாதர் மாற்றலாகிப் போய்விட்டார். அதனால்தான் எழுதுகிறேன்.)

சீசர் உட்கார்ந்த இடம்

சீசர் ராட்வைலர். சீசர் அப்பா பெங்களூரில் பெரிய மேனேஜர். நடக்கும்போதும் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டே நடக்கிறவர். மாலை நாலு மணிக்கு ஒரு மீட்டிங், அதற்குள் சிக்னல் கிடைக்கிற இடத்துக்குப் போய்விட வேண்டும். ஓடையைக் கடந்து அக்கரையில் சாப்பிட்டுவிட்டுத் திரும்புகிற திட்டம். அக்கரையில் இருந்தபோது மேல்மலைப் பக்கம் கறுத்துவிட்டது. எங்கள் தலைக்கு மேலே வெயில்தான். ஆனால் தண்ணீரில் சருகும் நுரையும் வர ஆரம்பித்தன. நிறம் டீயைப்போல மாறியது. மாணிக்கண்ணன் சாப்பிட்ட கையைக் கழுவாமலே எழுந்துவிட்டார். "மேல கொட்டுது. யாரும் எறங்கக் கூடாது."

சீசர் அப்பாவுக்குக் கோபம். "முழங்கால் அளவுதான் தண்ணி. ரெண்டு நிமிஷத்துல கடந்துடலாம். நீங்க சும்மா பயமுறுத்தாதீங்க." நான் குறுக்கே நின்றேன். கெஞ்சினேன். அவர் என்னைச் சுற்றிக்கொண்டு போய்க் கயிற்றை இழுத்தார். அப்போது சீசர் உட்கார்ந்தது. ஐம்பது கிலோ நாய் உட்கார முடிவு செய்துவிட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். இழுத்தார், அதட்டினார், பிஸ்கட் காட்டினார், இங்கிலீஷில் கட்டளை போட்டார். அது காதைப் பின்னால் மடக்கிக்கொண்டு மேற்கே ஓடை வளைகிற இடத்தையே பார்த்துக்கொண்டு இருந்தது.

முதலில் சத்தம் வந்தது, லாரி ஏற்றத்தில் உறுமுவதுபோல. பிறகு வளைவிலிருந்து செந்தண்ணீர் சுவர் மாதிரி வந்தது. அதன் முன்னால் வேரோடு ஒரு மரம். நாங்கள் காலை வைத்திருக்க வேண்டிய பாறைகளின்மேல் அது புரண்டு போனதை எல்லோரும் பார்த்தோம். சீசர் அப்பா கயிற்றை விட்டுவிட்டு நாயின் பக்கத்தில் அப்படியே தரையில் உட்கார்ந்தார். இரண்டு கையையும் அதன் கழுத்தில் போட்டுக்கொண்டார். மாணிக்கண்ணன் எங்களை மேட்டில் ஒரு பாறை மறைவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். மூன்று மணி நேரம் அங்கே இருந்தோம். நாலு மணி வந்தது, போனது. மணிக்கட்டை அவர் பார்க்கவே இல்லை. தண்ணீர் வடிந்து கிளம்பும்போது என்னிடம் சொன்னார்: "மீட்டிங்குக்கு ஏன் வரலன்னு கேப்பாங்க. சீசர் அனுமதி கொடுக்கலன்னு சொல்லிடறேன்."

ஜிம்மியின் மூட்டுவலி

சந்தவாசலிலிருந்து ஒரு தையல்காரர் போன் செய்தார். வீட்டில் பதிமூன்று வயதுப் பொமரேனியன், ஜிம்மி. பின்னங்கால் மூட்டு தேய்ந்துவிட்டது. ஓடுகிற குளிர்ந்த தண்ணீரில் கொஞ்ச நேரம் நிற்கவைத்தால் இதமாக இருக்கும் என்று கால்நடை டாக்டர் சொன்னாராம். "எங்களுக்கு மலையெல்லாம் ஏற வேணாம்மா. தண்ணி இருக்கிற எடம் போதும்" என்றார். அடிவாரத்திலேயே ஆறு இருக்கிறதே என்று கேட்டேன். அதில் தண்ணீர் நின்று மூன்று மாதம் ஆகிறதாம்.

கணவனும் மனைவியும் பஸ்ஸில் வந்தார்கள். கூடையில் துணி விரித்து ஜிம்மி. மடு வரைக்கும் போகாமல், பாறைச் சரிவுக்கு முன்பே, வரப்பின் கீழ்ப்பக்கம் ஓடை கணுக்கால் அளவு ஓடுகிற மணல்திட்டுக்கே அழைத்துப் போனேன். தையல்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் குந்தினார். நாயின் வயிற்றுக்கு அடியில் ஒரு துண்டைக் கொடுத்து, பாரம் காலில் இறங்காதபடி தாங்கிப் பிடித்தார். ரவிக்கைக்கு அளவு எடுக்கிற கை அல்லவா, அவ்வளவு பதமாக. முதலில் நடுங்கிய ஜிம்மி, கொஞ்ச நேரத்தில் ஒரு பின்னங்காலை ஊன்றியது. பிறகு இன்னொன்றை. அவர் துண்டைத் தளர்த்தினார். அது தானாக நாலடி நடந்து, ஒரு மீன்குஞ்சைப் பார்த்துக் குரைத்தது. குரைத்து மாதக்கணக்கில் ஆயிற்றாம். அவர் தண்ணீரிலேயே உட்கார்ந்துவிட்டார். அழுகிறாரா, முகத்தில் தண்ணீர் தெறித்ததா என்று தெரியவில்லை.

அவர் மனைவி பக்கத்துப் பாறையில் உட்கார்ந்து இரண்டு காலையும் ஓடையில் விட்டுக்கொண்டு, சுற்றிலும் இருக்கிற மரங்களையும் மலையையும் பார்த்துக்கொண்டே இருந்தார். மலைக்கு வருவது இதுதான் முதல்தடவையா என்று கேட்டேன். என் பக்கம் சாய்ந்து, ஆனால் கணவருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "கல்யாணமாகி இருபத்தஞ்சு வருஷம், மலைக்குப் போலாம்னு கேட்டா கடையை யாரு பாக்கறதும்பாரு. ஜிம்மிக்கு மூட்டுவலின்னதும் கடைய மூடிட்டு வந்துட்டாரு. எனக்கும் மூட்டுவலி கீதுன்னு கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்கம்மா."

ஒரு நட்சத்திரம்

எங்கள் நடையில் யாரும் கூப்பிடாமலே வந்து சேர்ந்துகொள்கிற ஆள் ஒன்று உண்டு. மாணிக்கண்ணன் ஊர் வெள்ளை நாய். யாருக்கும் சொந்தமில்லை, பெயரும் இல்லை. "வெள்ளை" என்றால் திரும்பிப் பார்க்கும். பட்டணத்து நாய்கள் காரிலிருந்து இறங்கும்போது ஒவ்வொன்றையும் மோந்துவிட்டு முன்னால் நடக்கும். வழுக்குகிற பாறை வந்தால் நின்று, எல்லோரும் கடந்த பிறகுதான் நகரும். பாம்புப் புற்று இருக்கிற பக்கம் எந்த நாய் ஒதுங்கினாலும் குறுக்கே வந்து நிற்கும். முடிந்ததும் ஒரு உருண்டை சாமைச்சோறு வாங்கிக்கொண்டு போய்விடும்.

போன மாதம் ஒரு வாடிக்கையாளர் இணையத்தில் எங்களைப் பற்றி எழுதியிருந்தார். அஞ்சுக்கு ஒரே ஒரு நட்சத்திரம். கீழே இரண்டு வரி: 'வழிகாட்டி அம்மா ஓயாமல் பேசுகிறார். கூட வந்த வெள்ளை நாய் மிக அருமை, அந்த ஒரு நட்சத்திரம் அதற்குத்தான்.' எனக்கு மனசு ஆறவில்லை. இத்தனை தூரம் தண்ணீர் சுமந்து, உண்ணி பொறுக்கி, கழிவைப் பையில் அள்ளி, கடைசியில் நட்சத்திரம் நாய்க்கா? மாணிக்கண்ணனிடம் போனைக் காட்டிப் புலம்பினேன். அவர் முழுவதையும் கேட்டார். இன்னொரு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார். பக்கத்தில் படுத்திருந்த வெள்ளையின் தலையைத் தட்டிக் கொடுத்துவிட்டு, ரொம்ப யோசித்துச் சொன்னார்: "ஞாயித்துக்கெழமை நீ பூசைக்குப் போய்ட்டு வா ரீட்டா. நாங்க ரெண்டு பேரும் பாத்துக்கறோம்."

இத்தனை நடையில் நான் படித்த தொழில் ரகசியம் ஒன்றே ஒன்றுதான்: "நாய் களைச்சிடுச்சி, கொஞ்ச நேரம் உக்காரலாம்" என்று யாராவது சொன்னால், உடனே நிழல் பார்த்து நிறுத்தி, முதல் வாய்த் தண்ணீரைச் சொன்னவருக்கே கொடுத்துவிட வேண்டும்.